பந்தய நாளின் மது: அமெரிக்கக் கல்லூரி அரங்குகளின் அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும் வரை சனிக்கிழமைகள் கல்லூரிக் கால்பந்துக்கு உரியவை. அங்கே கால்பந்து எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். தொழில்முறைக் குழுக்கள் பெருநகரங்களில் ஆடுகின்றன. கல்லூரிக் குழுக்களோ பெரும்பாலும் சிறு நகரங்களில், பல்கலைக் கழகத்தின் சொந்த அரங்குகளில் ஆடுகின்றன. அந்த அரங்குகள் சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக் கழக அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தின் அரங்கும் ஓர் இலட்சம் பேருக்கு மேல் கொள்ளும். அது அமைந்துள்ள ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரின் மக்கள் தொகை சுமார் 40,000 மட்டுமே. மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நகரில் வசிப்போர் ஏறக்குறைய 30,000 பேர். அங்குள்ள அரங்கின் இருக்கைகள் அதைப் போல் இரு மடங்கு.

தேர்த் திருவிழாக்களையும் கும்பமேளாவையும் நடத்திப் பழகிய ஒரு நாட்டின் அதிகாரிகளுக்கு இந்த எண்ணிக்கைகள் மலைப்பைத் தாரா. ஆனால் இங்கே கூடும் கூட்டத்தில் கணிசமான பகுதியினர் காலை முதலே குடித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் பலர் சட்டப்படி மதுவைத் தொடக்கூடாத வயதினர். ஆட்டத்தை நடத்தும் அமைப்போ ஒரு கல்விக்கூடம், அதுவும் பல மாநிலங்களில் அரசின் கல்விக்கூடம். பொது நிர்வாகம் பயில்வோரின் கவனத்துக்கு இந்தப் பொருள் உரியதாவது இதனால்தான்.

பந்தயம் பிற்பகலில் தொடங்குமானால் இரசிகர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். வண்டி நிறுத்தும் திடலில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டி, பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து பீர் எடுத்துக் குடிப்பது வழக்கம். பின்கதவின் பெயரால் இதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். மூன்று தலைமுறையினர் ஒரே திடலில் கூடி உண்ணும் குடும்ப விழாவாகவும் இது இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. பழைய மாணவர்கள் தம் கல்லூரியோடு கொண்ட உறவைப் புதுப்பிப்பது இங்கேதான், நன்கொடைகள் பேசி முடிக்கப்படுவதும் இங்கேதான். ஜார்ஜியா, புளோரிடா பல்கலைக் கழகங்கள் ஜாக்சன்வில் நகரில் ஆண்டுதோறும் மோதும் பந்தயத்துக்கு ‘உலகின் மிகப் பெரிய திறந்தவெளி மது விருந்து’ என்ற பட்டப் பெயர் நெடுங்காலம் வழங்கியது. தென்கிழக்கு மாநாடு எனப்படும் கல்லூரிகளின் கூட்டமைப்பு, அந்தப் பெயரைக் கைவிடுமாறு 2006-இல் தொலைக்காட்சி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பெயரைக் கைவிடுவது எளிது.

இருபத்தொரு வயதுச் சட்டம்

அமெரிக்காவின் முழு மதுவிலக்கு 1920-இல் நடைமுறைக்கு வந்து 1933-இல் முடிவுற்றது. அதை நீக்கிய இருபத்தொன்றாவது அரசியல் சட்டத் திருத்தம், மது பற்றிய அதிகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலும் மது மாநிலப் பட்டியலில்தான் உள்ளது. வாக்களிக்கும் வயது 1971-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, குடிக்கும் வயதையும் பல மாநிலங்கள் குறைத்தன. இளைஞர்களின் சாலை விபத்துகள் கவலை தரவே, மத்திய அரசு தலையிட விரும்பியது. ஆனால் நேரடியாகச் சட்டம் செய்யும் அதிகாரம் அதனிடம் இருந்ததா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தது. எனவே 1984-இல் வேறு வழி கண்டார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் மது வாங்குவதை அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்படும் என்று சட்டம் சொன்னது: முதலில் 5 விழுக்காடு, பின்னர் 10 விழுக்காடு. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1987-இல் ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையோடு மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது, இருவர் மாறுபட்டனர். அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் இணங்கிவிட்டன. மானியத்தின் மூலம் கொள்கையைச் செலுத்துவது எவ்வாறு என்பதற்கு நிதிக் கூட்டாட்சி பற்றிய பாடங்களில் இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இதன் விளைவு கல்லூரிகளில்தான் மிகுதியாகத் தெரிந்தது. இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 வயதினர். ஆக, ஒரே வகுப்பறையில், ஒரே விடுதியில், ஒரே பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்குள் குடிக்கலாம் என்ற உரிமை உள்ளவரும் இல்லாதவரும் கலந்திருக்கின்றனர். மேலும், மத்திய உதவி பெறும் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் மது, போதைப்பொருள் தடுப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும், அதை இரண்டாண்டுக்கொரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் 1989-இல் சட்டமாயிற்று.

பல்கலைக் கழகங்கள் கண்ட எளிய வழி, அரங்கினுள் பொதுமக்களுக்கு மது விற்பதில்லை என்பது. தொழில்முறை அரங்குகளில் பீர் ஆறாக ஓடியபோதும் கல்லூரி அரங்குகளில் பெரும்பாலானவை ‘உலர்ந்தவை’யாகவே இருந்தன. இதிலும் ஒரு விலக்கு இருந்தது. தென்கிழக்கு மாநாட்டின் பழைய விதி பொது இருக்கைப் பகுதிகளில்தான் விற்பனையைத் தடுத்தது. பெருந்தொகை கொடுத்துத் தனி அறைகளை வாடகைக்கு எடுத்தவர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னிருந்து குடிக்கத் தடையில்லை. ஒழுக்க விதி இருக்கையின் விலையைப் பொறுத்து மாறுமானால், அதை மலிவு இருக்கையில் அமர்ந்திருப்பவர் மதிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

தடையினால் குடி குறைந்ததா? அரங்கினுள் குறைந்திருக்கலாம். ஆனால் உள்ளே கிடைக்காது என்று அறிந்தவர், வாயிலைக் கடக்கும் முன் மூன்றரை மணி நேர ஆட்டத்துக்கும் சேர்த்துக் குடித்துவிட முயல்கிறார். ஒளித்துக் கொண்டுபோக விரும்புபவர் பீரைக் கொண்டுபோவதில்லை. பீரில் ஆல்கஹால் ஐந்து விழுக்காடு என்றால் விஸ்கியில் நாற்பது. அதே அளவுள்ள சட்டைப் பை எட்டு மடங்கு போதையைச் சுமக்கும். கள்ளச் சரக்கு எப்போதும் அடர்த்தியான சரக்காகவே இருக்கும் என்பதைப் பொருளாதாரம் படித்த மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘நிலையான பானம்’ என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். ஏறத்தாழ 355 மில்லி லிட்டர் சாதாரண பீரில் அது அடங்கும். இரண்டு மணி நேரத்தில் ஆண் ஐந்தும் பெண் நான்கும் குடித்தால் அதை மிதமிஞ்சிய குடி என்று அந்நாட்டு மது ஆராய்ச்சி நிறுவனம் வரையறுக்கிறது. பந்தய நாள் காலைத் திடலில் இந்த எல்லை பகல் உணவுக்கு முன்பே தாண்டப்படுவது அரிதன்று.

ஊர் கொடுக்கும் விலை

இதன் பயனைக் காவல் நிலையப் பதிவேடுகள் காட்டுகின்றன. ரீஸ், ஷ்னெபல் என்னும் இரு பொருளியலறிஞர்கள் கல்லூரி நகரங்களின் நாள்வாரிக் குற்றப் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. சொந்த ஊரில் பந்தயம் நடக்கும் நாளில், மற்ற நாட்களோடு ஒப்பிட, தாக்குதல்கள் 9 விழுக்காடும், பொருட்சேதம் 18 விழுக்காடும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான கைதுகள் 13 விழுக்காடும், ஒழுங்கீனத்துக்கான கைதுகள் 41 விழுக்காடும், மதுச் சட்ட மீறல்கள் 76 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. எதிர்பாராத முடிவு ஏற்பட்ட நாட்களில் நிலைமை மேலும் மோசமாயிற்று.

பிந்திய ஓர் ஆய்வு இதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்கிறது. லிண்டோ, சிமின்ஸ்கி, சுவென்சன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் நிலைக் கால்பந்துக் குழுக்கள் உள்ள கல்லூரிகளின் ஊர்களில், 17 முதல் 24 வயது வரையுள்ள பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் காவல்துறைக்கு வந்த புகார்கள் பந்தய நாட்களில் 28 விழுக்காடு உயர்ந்தன. சொந்த அரங்கில் பந்தயம் நடந்தால் உயர்வு 41 விழுக்காடு. குழு வெளியூர் சென்று ஆடினால் 15 விழுக்காடு. வெளியூர் ஆட்டத்தின்போது உள்ளூர் அரங்கு பூட்டிக் கிடக்கிறது; அங்கே ஒரு கோப்பை பீர்கூட விற்பதில்லை. ஆயினும் தொலைக்காட்சியின் முன் கூடிக் குடிக்கும் விருந்துகள் நடக்கின்றன. அரங்க வாயிலில் நின்றுகொண்டு இந்தப் பிரச்னை முழுவதையும் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். குற்றத்தைச் செய்தவன் குடித்திருந்தான் என்பது அவனுடைய பொறுப்பைக் குறைப்பதில்லை. ஆனால் எந்த நாளில், எந்தச் சூழ்நிலையில் ஆபத்து கூடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்த நிர்வாகத்தின் பொறுப்பு அதனால் கூடுகிறது.

இரண்டு சோதனைகள்

அரங்கினுள் விற்கலாமா, கூடாதா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் தவறாமல் எடுத்துக்காட்டும் இரண்டு அனுபவங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரணானவை போல் தோன்றுவதால் சற்று நின்று பார்க்க வேண்டியவை.

முதலாவது, கொலராடோ பல்கலைக் கழகம். போல்டர் நகரிலுள்ள ஃபோல்சம் அரங்கில் பொதுமக்களுக்குப் பீர் விற்கப்பட்டு வந்தது. 1996-இல் அது நிறுத்தப்பட்டது. தடைக்கு முன்னும் பின்னுமான பருவங்களை ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆய்வு, கைதுகள், தாக்குதல்கள், அரங்கிலிருந்து வெளியேற்றங்கள், ஒழுங்கு விசாரணைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்குமே பெரிதும் குறைந்ததைக் காட்டியது.

இரண்டாவது, மேற்கு வர்ஜீனியா பல்கலைக் கழகம். அது 2011-இல் நேர்மாறான காரியத்தைச் செய்தது: உலர்ந்த அரங்கில் பீர் விற்கத் தொடங்கியது. கலவரம் பெருகும் என்று பலர் அஞ்சினர். ஆனால் பல்கலைக் கழகக் காவல்துறை, மது தொடர்பான நிகழ்ச்சிகள் குறைந்தன என்று தெரிவித்தது. பின்னர் விற்பனையை அனுமதிக்க விரும்பிய பல்கலைக் கழகங்கள் மேற்கோளாகக் காட்டியது மார்கன்டவுன் அனுபவத்தையே.

தடுத்த இடத்திலும் தொல்லை குறைந்தது, திறந்த இடத்திலும் தொல்லை குறைந்தது என்றால் எதை நம்புவது? விடை, மார்கன்டவுனில் அதே பருவத்தில் செய்யப்பட்ட இன்னொரு மாற்றத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு இடைவேளையின்போது இரசிகர்கள் வெளியே சென்று திரும்பி வரலாம். வண்டித் திடலுக்குப் போய், கிடைத்த இருபது நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கடும் மதுவை உட்கொண்டு, ஆட்டத்தின் இரண்டாம் பாதிக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாயிலை மோதினார்கள். பீர் விற்பனை தொடங்கியபோது இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. வெளியே போனவர் போனவரே. மலிவான, கட்டுப்பாடற்ற, அடர்த்தியான மதுவின் இடத்தில் விலை உயர்ந்த, வரிசையில் நின்று வாங்க வேண்டிய, ஒளியில் விற்கப்படும் பீர் வந்தது. கொலராடோவில் மூடப்பட்டது உள்ளிருந்த குழாய். மேற்கு வர்ஜீனியாவில் மூடப்பட்டது வெளியிலிருந்த குழாய். இரண்டிலும் மொத்த வரத்து குறைந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு மாற்றங்களும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தமையால், எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. பீர் விற்காமல் வாயிலை மட்டும் மூடியிருந்தால் இன்னும் நல்ல பலன் கிடைத்திருக்குமோ என்ற கேள்விக்கு விடையில்லை. பின்பற்ற வந்த பல்கலைக் கழகங்கள் விற்பனையைப் பின்பற்றுவதில் காட்டிய ஆர்வத்தை அந்த வினாவில் காட்டவில்லை.

விதியும் அதன் செயலாக்கமும்

அதன் பிறகு நிகழ்ந்தது விரைவான மாற்றம். ஓகையோ மாநிலப் பல்கலைக் கழகம் 2016-இல் அரங்கு முழுவதும் பீர் விற்பனையைத் தொடங்கியது. அதே ஆண்டு, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் சாம்பியன் போட்டிகள் சிலவற்றில் விற்பனையைச் சோதனையாக அனுமதித்து, 2018-இல் அதை விரிவாக்கியது. மிகவும் தயங்கி நின்ற தென்கிழக்கு மாநாடும் 2019-இல் தடையை நீக்கியது. மிச்சிகன் மாநிலச் சட்டமன்றம் 2023-இல் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு அந்தப் பேரரங்கிலும் விற்பனை தொடங்கிற்று.

2019-இல் தென்கிழக்கு மாநாடு வகுத்த நிபந்தனைகள் படிப்பதற்கு நன்றாகவே உள்ளன. பீரும் ஒயினும் மட்டுமே விற்கலாம். கடும் மது கூடாது. குறிப்பிட்ட கடைகளில் மட்டுமே விற்க வேண்டும். இருக்கைகளுக்கிடையே கூவி விற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் வயதுச் சான்றைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு தடவையில் வாங்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும். விற்பனையாளர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்றாம் காற்பகுதி ஆட்டம் முடிந்ததும் விற்பனையை நிறுத்திவிட வேண்டும்.

இருக்கைகளுக்கிடையே விற்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் தொழில்முறை அரங்குகளில் நடத்திய சோதனை 2008-இல் வெளியாயிற்று. வயது குறைந்தவர் போல் தோற்றமுடையவர்களை அனுப்பிச் சான்று காட்டாமல் பீர் கேட்கச் செய்தார்கள். 18 விழுக்காடு முயற்சிகளில் கிடைத்தது. கூவி விற்பவர்களிடம் கிடைக்கும் வாய்ப்பு, கடைகளில் கிடைப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அடுத்து, தள்ளாடுவது போல் நடிக்கத் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். போதையில் இருப்பவருக்கு மது விற்பது சட்டவிரோதம். ஆனால் 74 விழுக்காடு முயற்சிகளில் விற்றுவிட்டார்கள். வயதைப் பார்ப்பதற்கு ஓர் அட்டை போதும். போதையைப் பார்ப்பதற்கு நேரமும் துணிவும் வேண்டும். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கையில், பகுதிநேரக் கூலிக்கு வந்த விற்பனையாளர் ஒரு முரட்டு இரசிகரைப் பார்த்து ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. விதிகள் தலைமையகத்தில் எழுதப்படுகின்றன, நிறைவேற்றம் இவர் தலையில் விழுகிறது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நிலைமை என்று இங்கு எவரும் சொல்லமாட்டார்.

வரவு யாருக்கு, செலவு யாருக்கு

பாதுகாப்புக்காகவே விற்கிறோம் என்று பல்கலைக் கழகங்கள் கூறும் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வேகத்துக்குக் காரணம் பணம். வீட்டிலிருந்தே பெரிய தொலைக்காட்சித் திரையில் ஆட்டத்தைப் பார்க்க முடிவதால் அரங்குக்கு ஆளை இழுப்பது கடினமாகிவிட்டது. இதற்கிடையில், ஆட்டக்காரர்களுக்கும் வருவாயில் பங்கு தர வேண்டும் என்ற நீண்ட வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதன்படி முதல் ஆண்டில் ஒரு பல்கலைக் கழகம் சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை நேரடியாக ஆட்டக்காரர்களுக்கு வழங்கலாம். இந்தத் தொகையைத் தேட வேண்டிய விளையாட்டுத் துறை, பீர்க் கடையின் வரவைச் சிறு தொகை என்று ஒதுக்காது.

கலால் வருவாய் பற்றிய வாதங்களைக் கேட்டுப் பழகிய இந்திய அதிகாரிகளுக்கு இதன் அமைப்பு உடனே விளங்கும். அரசியல் சட்டத்தின் 47-வது விதி ஒரு பக்கமும் மாநில வரவு செலவுத் திட்டம் மறுபக்கமும் நிற்பதை அவர்கள் அறிவார்கள். அமெரிக்க அரங்கில் வரவு விளையாட்டுத் துறையின் பேரேட்டில் ஏறுகிறது. இரவு முழுதும் ரோந்து சுற்றும் நகரக் காவலர், அவசரச் சிகிச்சைப் பிரிவு, மறுநாள் காலை தெருவைக் கூட்டுபவர், தாக்கப்பட்ட பெண் ஆகியோரின் செலவுகள் வேறு வேறு ஏடுகளில் ஏறுகின்றன. சில எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒரே பல்கலைக் கழகம் ஒரு கையால் மதுத் தடுப்புத் திட்டத்தின் இரண்டாண்டு ஆய்வறிக்கையில் கையொப்பமிட்டு, மறு கையால் பீர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறது. ஓகையோ மாநிலப் பல்கலைக் கழகம் பீர் வருவாயைக் கொண்டு கூடுதல் காவலர்களை நியமிக்க முன்வந்தது குறிப்பிடத்தக்கது. வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதும் முயற்சி அது. விற்பனை வரவைப் பந்தயவாரியாக வெளியிடும் பல்கலைக் கழகம், அதே பந்தய நாளின் கைதுகளையும் மருத்துவமனைச் சேர்க்கைகளையும் அடுத்த பத்தியில் வெளியிட வேண்டும் என்று சட்டமன்றங்கள் கேட்கலாம். அதற்குப் புதிய இலாகா எதுவும் தேவையில்லை.

கடைசியாக, மூன்றாம் காற்பகுதி விதியை மாணவர்கள் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். விற்பனை நின்ற பின் ஆட்டம் முடிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. மனித உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு நிலையான பானத்தையே செரித்து அகற்றும். கடை மூடும் தருணத்தில் இரண்டு வாங்கியவர் ஆட்டம் முடியும்போது ஒன்றையேனும் உடலில் சுமந்துகொண்டு வெளியேறுகிறார். அரங்குக் கோப்பைகள் பெரும்பாலும் நிலையான பானத்தைவிடப் பெரியவை. காலையில் திடலில் குடித்தது தனி. அதே மின்னசோட்டா குழுவினர், தொழில்முறை ஆட்டங்கள் முடிந்து வெளியேறியவர்களில் இசைந்த 362 பேரின் மூச்சைச் சோதித்து 2011-இல் வெளியிட்டனர். 40 விழுக்காட்டினரின் உடலில் மது இருந்தது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் 0.08 என்ற அமெரிக்கச் சட்ட எல்லையை எட்டியோ தாண்டியோ இருந்தனர். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் எல்லை 0.03. வண்டித் திடலில் குடித்துவிட்டு வந்தவர்கள் 0.08 என்ற எல்லையைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினான்கு மடங்காக இருந்தது. சோதனைக்கு இசையாமல் விலகிப் போனவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. அவர்களும் தங்கள் வண்டிகள் நிற்கும் அதே திடலை நோக்கித்தான் நடந்தார்கள்.